படத்தை நம்பி வெட்டிய பட்டு

நடிகைகளுக்கே உடை வடிவமைக்கிறவள் எங்கள் ஊர்ப் பெண். அவள் கொண்டுவந்த சட்டைக் கை மாடலைத்தான் இன்று தென்காசியில் என் தையல் கடைக்கு வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். தன் தங்கையின் கல்யாணத்துக்குப் பாவாடையும் நீளச் சட்டையும் நான்தான் தைக்க வேண்டுமென்று, பட்டையும் கையால் வரைந்த படத்தையும் அனுப்பியிருந்தாள்.

தங்கை துபாயில் இருந்ததால் உயரம் மட்டும்தான் தெரியும். மற்ற அளவையெல்லாம் படத்தைப் பார்த்தே கணக்குப் போட்டு வெட்டிவிட்டேன். ஃபேஷன் படத்தில் அழகுக்காகக் காலை நிஜத்தைவிட நீளமாக வரைவார்கள் என்பது எனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள், குற்றாலத்து மண்டபத்தில் தங்கை போட்டுப் பார்த்தாள். பாவாடை தரையில் புரண்டது. சட்டை இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. வேறு பட்டும் கிடையாது.

படம் வரைந்த அக்காக்காரி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கத்திரியை எடுத்துப் பாவாடையின் அடியில் வைத்தாள்.

"நான் வெட்டுத துணிய சட்டைக்கு அடியில ஒட்டுப் போட்டுருங்கக்கா."

ஆனால் கத்திரி நகரவில்லை.

"ஏட்டி, உனக்குமா பயம்?" என்று கேட்டுவிட்டேன்.

"பட்டுல கத்திரி வச்சா இன்னிக்கும் பயமாத்தான் இருக்குக்கா. கொஞ்சம் இழுத்துப் புடிங்க."

பிடித்தேன். அவள் நேராக வெட்டினாள்; அந்தத் துண்டைச் சட்டைக்கு அடியில் வைத்து நான் தைத்தேன்.

அன்றிலிருந்து பயப்படாமல் நான் எதையும் வெட்டுவதில்லை.