முப்பத்தெட்டாம் அட்சரேகையும் ஆறு மாத நீட்டிப்பும்

நான் கொரிய அரசியல் படிக்கப் போனதற்கு என் மனைவிதான் காரணம். தமிழில் குரல் கொடுத்து வரும் கொரியத் தொடர்களை அவள் வரிசையாகப் பார்த்துத் தீர்ப்பவள். ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டாள்.

“ஏங்க, இவுக ஒரு நாடா, ரெண்டு நாடா?”

“ரெண்டு.”

“பெறகு எதுக்கு ரெண்டு பேரும் மொத்தமும் எங்களுதுன்னு சொல்லுதாக?”

முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் கோப்பு எழுதியவனிடம் கேட்கக்கூடிய கேள்விதான். கூட்டுப் பட்டாவில் பெயர் உள்ள அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மனுவில் முழு நிலத்தையும் கேட்பது எனக்குப் புதிதல்ல. அதைச் சொன்னேன். “அப்ப ரெண்டு பேருமே திருட்டுப் பயலுகதான்” என்று முடித்துவிட்டு அவள் தொடருக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு அப்படி முடிக்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தும் நவீன கொரியா பற்றிய சான்றிதழ் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் இருந்த நாற்பது பேரில் வயதுச் சான்று கேட்கப்படாதவன் நான் ஒருவன்தான்.

படிப்பின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவனும் நானாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் இறுதிக் கட்டுரையைத் தமிழிலும் எழுதலாம் என்ற உள்விதி பின்னிணைப்பில் பொடி எழுத்தில் கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் அனுப்பினேன். அப்படி ஒரு விதி இருப்பது அலுவலகத்துக்கே தெரியவில்லை. நான்கு நாள் யோசித்துவிட்டு, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து போய் சியோலில் சில வருடம் ஆராய்ச்சி செய்து திரும்பிய ஒரு விரிவுரையாளரை எனக்கு வழிகாட்டியாக ஒதுக்கினார்கள். அவருக்கு அது கூடுதல் வேலை. நான் வருந்தவில்லை. விதி இருந்தால் நடைமுறைப்படுத்த வேண்டும்.

படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, காபியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் ஒன்பது மணிவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். வடக்கே தன் கையில் இல்லாத ஐந்து மாகாணங்களுக்குத் தென் கொரியா இன்றைக்கும் ஆளுநர்களை நியமிக்கிறது என்று ஒரு நாள் படித்தேன். அவர்களுக்கு அலுவலகம் உண்டு, ஊழியர்கள் உண்டு, மாகாணம் மட்டும் கிடையாது. மனு வராது, போராட்டம் வராது, அமைச்சர் வருகை வராது. அப்படி ஒரு பணியிடம் உலகத்தில் இருப்பது முன்பே தெரிந்திருந்தால் இடமாறுதல் கேட்டிருப்பேன்.

காலை நடைக்கு வரும் பழைய சகாக்களிடம் இதையெல்லாம் சொல்வேன். அவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் ஆர்வம்: கொரியனும் அம்மா, அப்பா என்றுதான் கூப்பிடுகிறான், ஆகவே கொரியாவே நம்முடையது. அந்த இரண்டு சொல்லை வைத்து மொழி உறவை நிறுவ முடியாது என்று பாடத்தில் இருந்ததைச் சொன்னேன். ஒரு வாரம் யாரும் எனக்கு டீ வாங்கித் தரவில்லை.

கட்டுரைக்கு நான் எடுத்த தலைப்பு, கொரியப் பிரிவினை ஏன் இத்தனை காலம் நீடிக்கிறது என்பது. உழைத்து எழுதினேன். மேலே ‘பொருள்’, அதன் கீழே ‘பார்வை’ என்று படித்த நூல்களின் வரிசை, பிறகு எண்ணிட்ட பத்திகள். வடக்கின் கூற்று, தெற்கின் கூற்று, வல்லரசுகளின் கூற்று, கூற்றுகள் மீதான பரிசீலனை. பதினெட்டுப் பக்கம். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. கடைசி வரியைக் கை தானாகவே எழுதியது: ‘தக்க ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.’

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கடைசி வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரே கேள்வி: ‘யாருடைய ஆணைக்கு?’ அதற்குக் கீழே, ‘சார், எல்லார் கருத்தும் இருக்கிறது. உங்கள் கருத்து எங்கே? பத்து நாளுக்குள் திருத்தி அனுப்புங்கள். இப்படியே இருந்தால் தேர்ச்சி தர முடியாது.’

மனைவி எட்டிப் பார்த்தாள்.

“பெயிலா?”

“பெயில் இல்ல. திருத்தக் கேட்டு திருப்பி அனுப்பிருக்காக.”

“இம்புட்டு நாளு நீங்க எம்புட்டுப் பேரு மனுவ அப்படித் திருப்பி அனுப்பியிருப்பீக. இன்னைக்கு உங்க முறை.”

சான்றிதழ் கிடைக்காவிட்டால் என் ஓய்வூதியத்தில் ஒன்றும் குறையப்போவதில்லை. ஆனால் அந்தச் சிவப்பு வரி உறுத்தியது. என் குறிப்புகளை வைத்துப் பெரிய அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். அந்த முடிவுகளில் ஒன்றுகூட என்னுடையதாக இருந்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. இப்போது ஒரு விஷயத்தில், ஒரே ஒரு விஷயத்திலாவது, எனக்கென்று ஒரு கருத்து இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நாள் கொடுத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் ஒரு வரி வரவில்லை.

நான்காம் நாள் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே விசாரித்தாள்.

“அந்தக் கோட்ட மொத மொத யாரு போட்டது?”

“ரெண்டு அமெரிக்க ராணுவ ஆபீசரு. ஒரு மேப்ப விரிச்சு வச்சு, முப்பத்தெட்டாம் அட்சரேகையப் பாத்துப் போட்டாக. ஜப்பான்காரன் சரணடையுறப்ப யாரு எந்தப் பக்கம் போயி வாங்குறதுன்னு பிரிச்சுக்கத்தான். தற்காலிகமா.”

“தற்காலிகமாவா? நம்ம மாடிப்படிக்கு மேல தகரம் போட்டீகளே, அது மாதிரியா? அதுக்கு வயசு பதினேழு.”

அவள் கேலிதான் செய்தாள். எனக்கு ஆமத்தூர்ப் பக்கத்து வேலி ஒன்று ஞாபகம் வந்தது.

ஒரு பட்டாசு ஆலை. அதன் பின்புறம் ஆலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெரு. தெருவிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஆலையை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை. ஒரு விபத்துக்குப் பிறகு, பாதைக்கும் வெடிமருந்து அறைகளுக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை என்று அறிக்கை வந்தது. மாற்றுப் பாதை அமைக்கும்வரை, தற்காலிகமாக, கம்பி வேலி போட்டுப் பாதையை அடைத்தார்கள். சரியான நடவடிக்கை. அந்தக் கோப்பு என் மேசையில் ஆறு வருடம் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது மேலே வரும், ‘மேலும் ஆறு மாதங்களுக்கு நீட்டிக்கலாம்’ என்று குறிப்பு எழுதுவேன், கையெழுத்தாகி வரும். மாற்றுப் பாதை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது புதுக் கோப்பு.

கொரியாவில் போரை நிறுத்திய ஒப்பந்தமும் அப்படித்தான். இறுதியான அமைதித் தீர்வு ஏற்படும்வரை என்று எழுதியிருக்கிறார்கள். தெற்கு அதில் கையெழுத்தே போடவில்லை. அந்தத் தீர்வு இன்றுவரை வரவில்லை. பிரிவினையை எவரும் இறுதியாக முடிவு செய்யவில்லை, அதனாலேயே அது நிலைத்துவிட்டது. அது ஓர் ஆணையின் பலத்தில் நிற்கவில்லை, நீட்டிப்பின் பலத்தில் நிற்கிறது. எழுதிப் பார்த்தேன். இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. என் கருத்துதான்.

கருத்தை எழுதினால் ஆதாரம் வேண்டும். மறுநாள் சாயங்காலம் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன்.

நிறுத்தத்தில் என்னோடு இறங்கிய ஓர் அம்மா, நாற்பது வயதிருக்கும், சாப்பாட்டுத் தூக்கோடு நடந்தார். நகக்கண்களில் அலுமினியப் பொடியின் வெள்ளி. ஒற்றையடிப் பாதையை விட்டுவிட்டு மெயின் ரோட்டிலேயே போனார்.

“ஏம்மா, தெருவுக்கு இது குறுக்கு வழி இல்லையா?”

“அங்கன வேலி இருக்குல்லா.”

நான் பார்த்தேன். கல்தூண்கள் வரிசையாக நின்றன. கம்பி இல்லை.

“கம்பியக் காணோமே.”

“கம்பி போயி ரொம்ப வருசமாச்சு. எவனோ பழைய இரும்புக்குப் போட்டுட்டான். கம்பெனியும் அச்சங்குளம் பக்கம் போயிருச்சு, உள்ளுக்க ஒண்ணுங் கிடையாது.”

“பெறகு எதுக்குச் சுத்திப் போறீக?”

அவர் தூண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கல்யாணமாகி வந்ததுல இருந்து இப்படித்தான் போறோம். நீங்க யாரு, ஆபீசரா? வேலிய எடுக்க வந்தீகளா, போட வந்தீகளா?”

“ரெண்டும் இல்ல. ஒரு கட்டுரை எழுத வந்தேன்.”

“அதான பாத்தேன்” என்று சொல்லிவிட்டு அவர் ரோட்டோடு போனார்.

நான் பாதையில் இறங்கினேன். பழைய ஆலை அறைகள் கூரையில்லாமல் கிடந்தன. நடுவில் ஒரு கருவேலங்கன்றை விலக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் தெருவுக்கு வந்துவிட்டேன். குழாயடியில் நின்றிருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்து சேர்ந்தார்.

“ஏ ஆத்தே! எப்படி முன்னால வந்தீக?”

கை காட்டினேன். குழாயடிப் பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் கோபமாக.

எட்டாம் நாள் கட்டுரையை அனுப்பினேன். கடைசி நாளில் மனு கொடுப்பவர்களை நான் எப்படி நடத்தினேன் என்பது எனக்குத் தெரியும். அடுத்த வாரம் காணொளியில் நேர்காணல். விரிவுரையாளர் தாள்களைப் புரட்டினார்.

“நல்லாருக்குங்க சார். ஆனா உங்க ஊர்ல கம்பி போயிருச்சு. கொரியாவுல கம்பி இருக்குது, ரெண்டு பக்கமும் துப்பாக்கியோட ஆளும் இருக்குது. உங்க ஒப்பீடு எதுவரைக்கும் வரும்?”

“அந்தக் கம்பிவரைக்கும்தான் மேடம். அதுக்கு அங்கிட்டு வராது. ஆனா ஒண்ணு சேர வேண்டாம்னு தெற்குல இளவட்டங்க நெறையப் பேரு நெனைக்காக, வடக்கும் இணைப்பே வேண்டாம்னுருச்சுன்னு நீங்கதான் பாடத்துல சொன்னீங்க. கம்பிய எடுத்தாலும் சுத்திப் போறவுக இருப்பாக. அம்புட்டுத்தான் நான் சொல்றது.”

அவர் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார். தேர்ச்சி என்றே நினைத்தேன்.

“பன்னண்டாம் பக்கம். ‘வேலி பன்னிரண்டு முறை நீட்டிக்கப்பட்டது’ன்னு எழுதியிருக்கீங்க. யாரால?”

“துறையால.”

“துறையில யாருங்க சார்? ஆதாரம் இல்லீங்களே. நீங்க அந்தக் கோப்பைப் பார்த்தீங்களா?”

தப்பிக்க வழிகள் எனக்குத் தெரியும். பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன எனலாம். தகவல் அறியும் சட்டத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை எனலாம். இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். அடுத்த அறையில் தொடரின் சத்தம் நின்றிருந்தது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

“கோப்ப எழுதுனதே நான்தான் மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப அப்படியே எழுதிருங்க சார். பன்னண்டு முறைன்னு எண்ணி எழுதியிருந்தப்பவே சந்தேகப்பட்டேனுங்க. அந்த ஒரு வரிக்குத்தான் காத்திருந்தேன். இன்னைக்கே அனுப்புங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

கட்டுரையைத் திறந்து பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போனேன். ‘நீட்டிக்கப்பட்டது’ என்பதை அழித்து ‘நீட்டித்தேன்’ என்று அடித்தேன். வாக்கியம் இலக்கணமாக நிற்க ‘வேலி’ என்பதை ‘வேலியை’ என்று மாற்றினேன். முன்னால் ஒரு ‘நான்’ இல்லாமலும் வாக்கியம் நிற்கும், ஆனாலும் அதையும் சேர்த்தேன். பிறகு வேறு பிழை இருக்கிறதா என்று ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டு அனுப்பினேன்.