இறுக்கினதாலயா கழண்டுது?

என் தம்பி எமில் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் மூடிய பாட்டிலை அவனைத் தவிர யாராலும் திறக்க முடியாது. அவன் சாத்திய குழாயைத் திறக்க ஸ்பானர் தேடணும். எங்கள் ஊர் தானியக் கிடங்கில் ரயில் பெட்டிக் கதவுகளை இழுத்து இழுத்துப் பழகிய கை. அந்தக் கையோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணியவள் வில்டா. எங்கள் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தவர்களில் உருப்படியான ஆள் அவள் ஒருத்திதான். நாத்தனார் வாயால் இதைச் சொல்கிறேன், நம்பலாம்.

வில்டா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. வருஷம் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுவாள். ஜூன் மாதம் ஒரு வாரம் மட்டும் அவளுடையது. அந்த வாரம் பழைய டிரெய்லர் சங்கத்தோடு நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குப் பக்கம், நியோப்ராரா ஆற்றங்கரைக்குப் போவோம். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகும் குட்டி வீடு அவளுடையது, ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சரக்கு. கோழிக்கூடாகக் கிடந்ததை வாங்கி, சுரண்டிக் கழுவி, பச்சையும் வெள்ளையுமாக அவளே பெயிண்ட் அடித்தாள். மற்றபடி அவள் எங்கேயும் போனதில்லை. கேட்டதுமில்லை. அந்த ஒரு வாரத்தைப் பிடுங்கினால் அவளிடம் மிச்சம் ஒன்றுமே இல்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வண்டியும் வரிசையாகப் போக வேண்டும். ஒன்று நின்றால் எல்லாம் நிற்க வேண்டும்.

ஒரு ஜூனில் நாங்கள்தான் நின்றோம். நான் பின் சீட்டில் பிளம் வைத்த கொலாச்சே ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். வலது பக்கமாக ஒரு சக்கரம் எங்களைத் தாண்டி ஓடியது.

"அங்க பாரு, எவனோ சக்கரத்தத் தொலைச்சுட்டான்" என்று எமில் சிரித்தான்.

சக்கரம் சோயா வயலுக்குள் இறங்கிப் போயிற்று. அப்புறம்தான் எங்கள் டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ரோட்டைக் கீறியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மொத்த வரிசையும் வெயிலில் பாதி நாள் காய்ந்தது. சங்கத் தலைவர் ஆர்வில் ஸ்டாஸ்ட்னி நல்ல மனுஷன்தான், சட்டம் என்று வந்தால் மரக்கட்டை. "இன்னொரு தடவ உங்களால வரிச நின்னுச்சுன்னா சங்கத்துல உங்க பேர் இருக்காது. தப்பா எடுத்துக்காத எமில்" என்றார்.

வில்டா சக்கரத்துக்குள் எரிந்து கிடந்த பேரிங்கை, அதாவது உருளை வளையத்தை, தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, உதிரி பாகக் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் பார்த்த உடனே கேட்டார், "யாரு நட்டை இப்படி முறுக்கினது?"

வீட்டுக்கு வந்து எமிலிடம் சொன்னாள். அவன் நம்பவே இல்லை. "இறுக்கினதாலயா கழண்டுது? எந்த ஊரு கணக்கு இது?"

"பேரிங் உருள எடம் வேணும் எமில். நெருக்கினா சுடும், சுட்டா கிரீஸ் உருகிடும், அப்புறம் எல்லாம் தீஞ்சு கழண்டுக்கும்."

"ஆடாம இருந்தாத்தான் கழலாது. சின்னக் குழந்தைக்குத் தெரியும்."

அதோடு அவள் பேச்சை விட்டாள். ஆனால் அந்தக் குளிர்காலம் பூராவும் சாப்பாட்டு மேசையில் ஒரு சக்கரத்தின் நடுக்குடமான ஹப் உட்கார்ந்திருந்தது. கழற்றுவாள், மாட்டுவாள், மறுபடி கழற்றுவாள். நான் சூப் குடிக்கப் போனால் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் நாற்றம் வேறு. "பேசாம மெக்கானிக்கிட்ட குடுத்துத் தொலையேன்" என்றேன். "என் வண்டி, என் சக்கரம், என் ஒரு வாரம்" என்றாள். அவள் முடிவு செய்துவிட்டால் நகர்த்த முடியாது.

பயணத்துக்கு முந்தின நாள் முற்றத்தில் டிரெய்லரை ஜாக்கியில் ஏற்றினாள். சக்கரத்தை இறக்கி, ஹப்பை உருவி, பழைய கிரீஸை வழித்து, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்தாள். ஒவ்வொரு உருளையையும் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் உள்ளங்கையில் ஒரு கவளம் கிரீஸை வைத்து, பேரிங்கின் விளிம்பால் அதை அமுக்கி அமுக்கி வெட்டினாள். மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வருகிற வரை விடவில்லை. ரொட்டி மாவு பிசைந்த கைக்கு அது புது வேலையாகத் தெரியவில்லை. கிரீஸ் கசியாமல் புது ரப்பர் சீல் போட்டு எல்லாவற்றையும் மாட்டினாள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினாள், பிறகு முழுசாகத் தளர்த்தி விரலால் மட்டும் திருகி, நட்டு சுழலாதபடி பின் கம்பியைச் செருகி வளைத்தாள்.

எமிலுக்குக் கை அரித்தது. "இன்னொரு கால் சுத்து குடு வில்டா."

"கைய எடு."

"சும்மா ஒரு கால்..."

"எமில், கைய எடு."

ஹப்பின் மேல் மூடியை வைத்து, கறி தட்டும் மரச் சுத்தியலால் தட்டி மூடினாள்.

மறுநாள் முதல் நிறுத்தம் ஒரு பெட்ரோல் பங்க். இறங்கியதும் எல்லோரும் ஹப்பில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது வழக்கம். வில்டா இடது பக்கம் வைத்தாள். லேசான வெதுவெதுப்பு. வலது பக்கம் வைத்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். குனிந்து மூடியைப் பார்த்தாள். அதில் இரும்புச் சுத்தியல் பட்ட புது நெளிசல் இருந்தது. எனக்கும் தெரிந்தது.

எமில் தரையைப் பார்த்தான். "கெளம்பறதுக்கு முன்னாடி ஆட்டிப் பார்த்தேன். லேசா ஆடுச்சு. போன வருஷம் சக்கரம் போச்சே, அது நீ உக்கார்ற பக்கம். மனசு கேக்கல."

வில்டா சுட்ட புறங்கையைத் துணியில் தேய்த்துக்கொண்டாள்.

"மெதுவா ஓட்டிப் போயிடலாம். யாருக்கும் தெரியாது" என்று கிசுகிசுத்தான்.

அவள் வரிசையைப் பார்த்தாள். எல்லா வண்டியும் கிளம்பத் தயாராக நின்றன. ஹப் ஆறி, பிரித்து மாட்டி முடிக்கிற வரை அவை நின்றால் அவள் கதை முடிந்தது. ஆனால் அவள் நேராக ஆர்வில்லிடம் நடந்தாள்.

"என் ஹப் சுடுது. நீங்க போங்க, எங்களுக்காக நிக்க வேணாம். என் பேர அடிச்சிடுங்க."

ஆர்வில் தொப்பியைக் கழற்றிச் சொட்டையைத் தடவினார். அவருக்கும் சங்கடம்தான். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார், "நீயே சக்கரத்தப் பிரிச்சு மாட்டினன்னு கேட்டப்பவே நெனச்சேன். எமில்கிட்ட விட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா?"

எனக்கு வந்ததே கோபம்! வாயைத் திறந்தேன். வில்டா என் கையைக் கிள்ளினாள். அவள் கன்னம் சிவந்திருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து என் தம்பி குரல் வந்தது.

"அவ சரியாத்தான் வச்சா. நான்தான் காலைல திருட்டுத்தனமா முறுக்கினேன். போன வருஷமும் நான்தான்."

அவ்வளவு பேர் முன்னால் எமில் எதையும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அம்மாவிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை. யாரோ இருமினார்கள். ஆர்வில் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சட்டம் சட்டம்தான் என்று முணுமுணுத்தார். வரிசை கிளம்பிப் போயிற்று. சிலர் கையசைத்தார்கள்.

ஹப் ஆறியதும் வில்டா பிரித்துப் பார்த்தாள். சூட்டில் உருளைகள் நீலம் பாயவில்லை, தப்பித்தன. துடைத்து, புது கிரீஸ் அடைத்து மாட்டினாள். நட்டுக்கு வந்ததும் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ வை."

எமில் ஸ்பானரை எடுத்தான்.

"உக்காரவைக்கத்தான் அது. அப்புறம் முழுசா தளத்து. கடைசியா விரல் மட்டும்."

அவன் விரலால் திருகினான். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தான். மெல்ல ஒரு 'டக்'.

"ஆடுதே வில்டா."

"ஆடட்டும்."

அவன் ரொம்ப நேரம் அந்த நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பின் கம்பியை வளைத்தான்.

"இப்ப எங்க போறது? வீட்டுக்கா?"

"மேக்க. லீவு எனக்குத்தான, ஆர்வில்லுக்கா?"

ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சங்கத்து வண்டிகள் வளைவுக்கு அப்பால் நின்றன. நாங்கள் இந்தப் பக்கம் தனியாக நிறுத்தினோம். வில்டா இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி லேசாக வெதுவெதுத்தன. அப்புறம் ரொட்டி வெட்டினாள். மத்தியானம் எமில் மூடி வைத்த ஊறுகாய் வெள்ளரி பாட்டிலை வழக்கம்போல் இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள்.

தொட்டதுமே மூடி கையோடு வந்துவிட்டது.

அவள் எமிலைப் பார்த்தாள். அவன் ஆற்றைப் பார்த்தபடி சொன்னான், "கசிஞ்சிருந்தா என்னைக் கேக்காத."

கொஞ்சம் கசிந்துதான் இருந்தது. வினிகர் வழிந்து சாப்பாட்டுப் பெட்டியெல்லாம் ஈரம். வில்டா துணியை எடுத்துத் துடைத்தாள்.