அஜூபா பெரியம்மாவின் செந்நெல்

அஜூபா பெரியம்மாவைப் புதைத்துவிட்டு வந்தவர்களுக்கு அவளுடைய செந்நெல் அரிசியைத்தான் சமைத்தோம். நான் நகரத்தில் கல்லூரியில் படித்த காலத்திலும் அந்த அரிசியைத்தான் மூட்டை கட்டிப் படகில் அனுப்புவாள். அடிமைகளாக இருந்த எங்கள் முப்பாட்டிகள் வெள்ளைக்காரனின் தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடிவந்தபோது கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த நெல் என்பார்கள். அந்த விதை கடைசியில் அவளிடம் மட்டுமே இருந்தது. ஒரு வருடம் அதுவும் இல்லாமல் போக இருந்தது.

அந்த வருடம் அவள் கணவர் மசோலி, புதிதாகக் காடு வெட்டி எரித்து வயலைத் தயார்செய்துவிட்டு, விதைப்புக்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனார். துக்கம் கழியும்வரை மனைவி கணவனின் ஊரில் அவன் ஆட்களோடு இருக்க வேண்டும். வயலில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் இறந்தவரும் பின்னாலேயே வந்து அங்கே தங்கிவிடுவார். பெரியம்மா இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் மசோலியின் அண்ணன் அபாத்திலி, துக்கம் கழியும்வரை அந்த வயல் இறந்தவனுக்கே சொந்தம், வேறு யாரும்கூட அதில் விதைக்கக் கூடாது என்றார்.

விதை ஏற்கெனவே பழையது. இன்னொரு மழை தவறினால் முளைக்காது. என் அம்மாவுக்கு அந்த வருடம் வயலே இல்லை. காடு வெட்ட வேண்டிய அப்பா கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. மற்ற பெண்கள் தங்கள் வெள்ளை நெல்லோடு இது கலந்துவிடும் என்று கையை விரித்தார்கள்.

"ஒரு வருஷம்தானே, பொறுத்துக்க அஜூபா" என்றார் அபாத்திலி.

"நான் பொறுத்துக்குவேன் அத்தான். நெல்லு பொறுக்காதே."

"நெல்லுக்காகச் செத்தவன விரட்டச் சொல்றியா?"

"அவரு வெட்டின காட்டுல விதைக்கணும்னுதான் சொல்றேன். அது விரட்டுறதா?"

ஊர்க்கூட்டத்தில் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் கூட்டத்தில் யார் பேசினாலும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருவர் "அப்படித்தான்" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் அது பேச்சே இல்லை. கொடுக்கத் தொடங்கியவர் கடைசிவரை கொடுத்தாக வேண்டும். அந்த ஊரில் பல வருடங்களாகப் பதில் கொடுத்துவந்தவர் அபாத்திலிதான். அன்று அவர் கைகளைக் கட்டி, உதட்டை இறுக்கி உட்கார்ந்தார். அவரை மீறி வாய் திறக்க வேறு யாரும் துணியவில்லை.

பெரியம்மா எழுந்தாள். அம்மாவும் நானும் பெண்கள் பக்கம் இருந்தோம்.

"மழை மேக்கால கட்டிருச்சு" என்றாள்.

பதில் இல்லை. மழை கட்டியிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது வாக்கியத்துக்குப் போக முடியாமல் அதையே மறுபடி சொன்னாள். ஒருவர் இருமினார்.

"உக்காரு அக்கா, மானம் போகுது" என்று அம்மா முணுமுணுத்தாள்.

"நீ வேணா எந்திரிச்சுப் போ. நான் நிக்கிறேன்."

நின்றாள். வெயில் நகர்ந்து அவள் முகத்துக்கு வந்தது. கோழிகள் காலைச் சுற்றி மேய்ந்தன. பிறகு அவள் அபாத்திலியைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்:

"மசோலி ஒருநாளும் வேலையப் பாதியில விட்டவரில்ல."

"அப்படித்தான்" என்றார் அபாத்திலி.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. ஆண்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தொடைகளில் தட்டிக்கொண்டார்கள்.

"மாட்டிக்கிட்டியா அபாத்திலி!" என்று ஒருவர் கத்தினார்.

"சும்மா இருங்கய்யா. என் தம்பியப் பத்திச் சொன்னா நான் என்ன செய்ய?" அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அவரு வெட்டின காடு வெறுமனே கெடக்கு" என்றாள் பெரியம்மா.

"...அப்படித்தான்."

"விதை இந்த மழையோட செத்துரும்."

"அப்படித்தான்."

"நான் கால் வைக்க மாட்டேன். என் தங்கச்சி விதைப்பா."

அபாத்திலி நீளமாக மூச்சு விட்டார். "அப்படித்தான்."

ஊர்த் தலைவர் அதையே தீர்ப்பாகச் சொன்னார்.

விதைப்பன்று பெரியம்மா வயலுக்கு எதிரே ஆற்றில் படகை ஒரு பாறையோடு கட்டி, அதிலிருந்து இறங்காமல் உட்கார்ந்துகொண்டாள். கொத்திக் கொத்தி விதை போட்ட எங்களுக்கு அங்கிருந்தே வசவு வந்தது.

"ஆழமாப் போடாதடி! நெல்லப் பொதைக்கவா வந்த?"

"நீயே வந்து போடேன்!" என்று அம்மா கத்துவாள்.

"வந்தா உன்னை மொதல்ல வெளியேத்துவேன்!"

மழை இறங்கியது. அவள் தினமும் படகில் வந்து கரையைப் பார்த்துவிட்டுப் போனாள். காடு எரித்ததில் மிஞ்சிக் கிடந்த கட்டைகள் மறைத்ததால் அங்கிருந்து எதுவும் தெரியாது. முளைத்துவிட்டது என்று நாங்கள் சொன்னதை அவள் நம்பவில்லை. கடைசியில் அம்மா ஒரு நாற்றை வேரோடு பிடுங்கி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் அவள் கையில் கொடுத்தாள்.

பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடித்தண்டின் சிவப்பை விரலால் தேய்த்தாள். பிறகு அம்மாவை முறைத்தாள்.

"ஏண்டி பிடுங்கின? ஓடு, ஈரம் காயறதுக்குள்ள திரும்ப நடு."