கழன்ற சீட்டும் நான் எழுதிய அறிவிப்பும்

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குத் தினமும் தனியார் பேருந்தில் போய்வந்த ஆண்டுகளில் நான் நின்றுகொண்டே போன நாட்கள்தான் அதிகம். உட்கார இடம் கிடைத்த காலை எனக்குச் சின்னத் திருவிழா. அப்படி ஒரு திருவிழா நாளில்தான் சீட்டு கழன்றது.

எனக்குச் சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே அலுவலக எழுத்தர் வேலை. அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் புதுச்சத்திரத்தில் ஏறும் ஒரு அக்கா. சேலத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் அவர் கட்டிங் மாஸ்டர். ஆண்கள் மட்டுமே கத்தரி பிடித்த அந்தக் கடையில் பத்து வருடமாகத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தது. வேலை மலையாகக் குவிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மல்லூருக்குப் பக்கத்தில் ஒரு வேகத்தடை உண்டு. எங்கள் டிரைவர் அதைத் தினமும் புதிதாகக் கண்டுபிடிப்பார். அன்றும் கண்டுபிடித்துப் பிரேக்கை மிதித்தார். நாங்கள் சீட்டை விட்டு எழவில்லை. சீட்டுதான் தரையை விட்டு எழுந்தது. எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு முன்னால் போய், முன்சீட்டின் கம்பியில் மோதி நின்றது. என் முழங்கால் சிராய்த்தது. அக்காவின் தயிர்சாதம் முன்னால் இருந்தவரின் முதுகில் இருந்தது. அக்கா வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, கம்பியப் புடிச்சுட்டு உக்காரக் கூடாதுங்களா?"

"கம்பி அங்கயேதான் இருக்குது. உங்க சீட்டுதான் என்னையக் கொண்டுபோய் அதுல இடிச்சுது" என்றார் அக்கா.

கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே பக்கமாச் சாஞ்சிருப்பீங்க" என்று விசாரணையை முடித்துவிட்டு, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்து வந்தார். சீட்டின் காலை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். கயிறு கையோடு இருந்ததைப் பார்த்தால், கழன்றதில் இது முதல் சீட்டாகத் தெரியவில்லை.

அக்காவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கடைக்காரர் மறுநாளே வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அது தெரிந்த அன்று சாயங்காலமே நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பஸ் முதலாளியின் அலுவலகத்துக்குப் போனேன். மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனங்களோடு உள்ளே நுழைந்தால், அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க அம்மணி, உக்காருங்க."

நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், மேசையைத் திறந்து மூன்று கடிதங்களை எடுத்து நீட்டினார்.

"பஸ்ஸுக்குப் பாடி கட்டுன கம்பெனிலருந்து இங்கிலீசுல வந்துட்டே இருக்குதுங்க. ஏதோ விளம்பரம்னு போட்டு வெச்சுட்டன். நீங்க ஆபீசுல இருக்கறவங்க, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

பயணிகள் சீட்டுகளைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் குறை இருப்பது தெரியவந்திருக்கிறதாம். வண்டியைக் கொண்டுவந்தால் அத்தனையையும் இலவசமாக மாற்றித் தருவார்களாம். அதுவரை அந்தச் சீட்டுகளில் ஆட்களை உட்கார வைக்கக் கூடாதாம். முதல் கடிதம் கேட்டுக்கொண்டது, இரண்டாவது வலியுறுத்தியது, மூன்றாவது தடித்த எழுத்தில் வருந்தியது. கழன்றுவிடும் என்ற சொல் மட்டும் மூன்றிலும் இல்லை. 'சில குறிப்பிட்ட சூழ்நிலைகளில் இருக்கை தன் நிலையிலிருந்து விலக வாய்ப்புண்டு.' இவ்வளவு நாசூக்காகச் சொன்னால் யாருக்குத்தான் புரியும்?

"எத்தன நாளு வண்டி அங்க நிக்கோணும்?"

"ரெண்டு நாளுங்க."

"ரெண்டு நாளா! முகூர்த்த மாசமாச்சுங்களே. ஆடில உட்டுக்கலாம். அதுவரைக்கும் ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டிப்போடலாம். உங்க கையெழுத்து நல்லாருக்கும்னு நெனைக்கறன்."

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் டீ வந்துவிட்டது. அதோடு, பிறர் சொல்வதைத் தாளில் எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். யாராவது மரியாதையாகச் சொன்னால் கை தானாகப் பேனாவைத் தேடும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'பயணிகள் கவனத்திற்கு. இருக்கையில் அமர்பவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் அமருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' 'பணிவுடன்' என்ற சொல்லை நானே சேர்த்தேன். சண்டை போடப் போனவள், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆடி வந்தது. "அம்மன் கோயில் கூட்டமுங்க, இப்பப் போயி வண்டிய நிறுத்துவாங்களா?" என்றார் முதலாளி.

அந்த வாரம்தான் அக்கா கட்டுப் பிரித்த கையோடு, அதே கடையில் கிடைத்த சின்ன வேலைக்குப் போகப் புதுச்சத்திரத்தில் ஏறினார். டிரைவருக்குப் பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பை முழுதாகப் படித்தார்.

"இத யாரு கண்ணு எழுதுனது?"

தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"நாந்தாங்க்கா."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

"எழுத்து முத்து முத்தா இருக்குது" என்றார். பிறகு, "நிக்கறது யாரு பொறுப்புன்னு எழுதலியே? அப்ப நான் நின்னுக்கறன்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு சீட்டுகள் காலியாக இருந்தன. நானும் எழுந்தேன். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா கையைக் காட்டினார், கதையைச் சொன்னார். முதலில் பெண்கள் எழுந்தார்கள். பெண்கள் நிற்கும்போது உட்கார்ந்திருக்க ஆண்களுக்கு என்றைக்கும் கூச்சம் வந்ததில்லை. சீட்டைக் குனிந்து ஆட்டிப் பார்த்த பிறகு வந்தது.

மறுநாளும் அதே கதை. ஆண்டகலூர் கேட்டில் கண்டக்டர் "சீட்டு இருக்குது, சேலம், சீட்டு இருக்குது" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஏறியவர்கள் காலிச் சீட்டுகளையும் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "ஏனுங்க, யாராச்சும் வாந்தி எடுத்துட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். பின்னால் வந்த போட்டி வண்டியின் கண்டக்டர் ஜன்னல் வழியாக எங்களுக்குக் கும்பிடு போட்டார்.

மூன்றாம் நாள் நாமக்கல்லில் முதலாளியே வண்டியில் ஏறினார். "உக்காருங்க அம்மணி, ஊருக்குள்ள தலகாட்ட முடியலீங்க" என்று என்னிடம் கெஞ்சினார். புதுச்சத்திரத்தில் அக்கா ஏறியதும் அவரிடமும் கெஞ்சினார்.

"மொதல்ல நீங்க உக்காருங்க. அப்பறம் நாங்க உக்காந்துக்கறம்" என்றார் அக்கா.

முதலாளி ஒரு சீட்டின் பக்கம் போனார். முதுகுப்பக்கத்தைப் பிடித்து மெல்ல அழுத்தினார். சீட்டு தலையாட்டியது. வேட்டியைச் சரிசெய்தார், கைபேசியைப் பார்த்தார். ஆண்டகலூர் கேட் வரை நின்றுகொண்டே வந்து இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வண்டி கம்பெனிக்குப் போனது. இரண்டே நாளில் திரும்பி வந்தது. பின்கண்ணாடியில் 'நூறு சதம் பாதுகாப்பான இருக்கைகள்' என்று பெரிய ஸ்டிக்கர். ஏதோ எங்களுக்குப் பரிசு கொடுத்த மாதிரி.

இதில் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. நான் படித்துக் காட்டிய கடிதங்களில் இரண்டு வண்டி எண்கள் இருந்தன. இன்னொன்று மோகனூர் போகிற வண்டி. முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"அந்த வழில யாரும் ஒண்ணும் கேக்கலீங்களே அம்மணி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அக்காவிடம் சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன கண்ணு?" என்றார். பிறகு, "சரி, ஞாயித்துக்கெழம வா. மோகனூர் போலாம்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். காலிச் சீட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் கடிதத்தில் இருந்ததை நான் தமிழில் சொன்னேன். கழன்றுவிடும் என்றே சொன்னேன். மூன்றாவது வாரம் அந்த வண்டியும் கம்பெனிக்குப் போனது.

அக்காவின் கைக்குப் பழைய பிடி திரும்பவில்லை. கடையில் இப்போது அவருக்குச் சட்டைக்குப் பொத்தான் வைக்கும் வேலை. கம்பெனியிலிருந்து நான்காவதாக ஒரு கடிதம் வந்ததாம். ஒத்துழைப்புக்கு நன்றி என்று முதலாளியைப் பாராட்டி. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்.