விதைப்பு நாளில் ஊர் தாண்டியவள்

கோவில்பட்டி ரயில் நிலையத்தில் இறங்கியபோது இன்னும் சரியாக விடியவில்லை. சென்னையில் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் உடனே கடலைமிட்டாய் என்பார்கள். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. ஆனால் முதலில் கண்ணில் பட்டது, ஹாக்கி மட்டையோடு சைக்கிளில் போன பிள்ளைகள்தான். ஒரு டீ குடித்துவிட்டுப் பசுவந்தனை பஸ்ஸில் ஏறினேன். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். என் பழைய அறைத்தோழர் செல்லையா அங்கே விவசாயம் பார்க்கிறார். ஐப்பசி மழையைக் கரிசலில் பார்க்க வாருங்கள் என்று வருஷா வருஷம் கூப்பிடுவார்; இந்த முறைதான் வாய்த்தது.

அப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்லை. அன்று பிற்பகல் கொட்டியதில் எதிர்வீடே தெரியவில்லை. விட்டதும் ஆசையோடு புஞ்சைக்குள் கால் வைத்தேன். செருப்பு சேற்றோடு நின்றுவிட்டது. நான் மட்டும் முன்னால் போனேன். செல்லையா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "கரிசல் ஆளப் பிடிச்சா விடாது அண்ணாச்சி" என்றார். ஈரம் கொஞ்சம் உள்வாங்கி, கால் ஒட்டாத பதம் வர வேண்டுமாம். அந்தப் பதத்தில் விதைத்தாக வேண்டும், விட்டால் மண் இறுகிவிடும். அதனால் பதம் வந்த அன்று இங்கே ஒருவரும் ஊரைத் தாண்டுவதில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டுச் செல்லையா தலையை ஆட்டினார். பதம் வந்துவிட்டது. வந்ததே, அன்றைக்கா வர வேண்டும்? அவர் மகள் மகா, பிளஸ் ஒன் படிப்பவள், மாவட்ட ஹாக்கி அணித் தேர்வுக்காக அன்றுதான் கோவில்பட்டி போக வேண்டும்.

"அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். ஊரே புஞ்சைல நிக்கும்போது நீ மட்டையத் தூக்கிட்டுப் போனா என்ன சொல்லுவாவ?" என்றார் செல்லையா.

அவளோடு ஆடும் இரண்டு பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். "ஏட்டி மகா, எங்க வீட்லயும் விடல. நாங்க போகல. நீ மட்டும் போவியாக்கும்? சேந்துதான போறதுன்னு பேசுனோம்?" என்றாள் ஒருத்தி.

அப்பா ஒரு பக்கம், சேக்காளிகள் ஒரு பக்கம். பிள்ளை அழுதுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "பேசுனது நெசம்தான்ட்டி. நீங்க வராதது சங்கடமாத்தான் இருக்கு. ஆனா நான் போறேன்" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "எப்பா, எனக்கு மாத்தாளா வள்ளியக்கா விதை போட வருதாவ. அவிய புஞ்சைக்கு நாளைக்கு நான் போறேன்னு நேத்தே பேசிட்டேன்" என்றாள்.

சொல்லியே விட்டாளே! "நீங்களாவது சொல்லுங்க அண்ணாச்சி" என்று செல்லையா என்னை இழுத்தார். நான் வாயைத் திறந்தேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன். போ என்றும் சொல்லாமல், போகாதே என்றும் சொல்லாமல் அவர் விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு புஞ்சைக்கு நடந்தார்.

ஏழரை மணி பஸ்ஸில் நானும் ஏறினேன்.

"மாமா, நீங்க எனக்குத் துணைக்கு வரலல்லா?"

"சேச்சே, நான் கிரவுண்டு பாக்க வரேம்மா."

நம்பவில்லை. சிரித்துவிட்டு முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். இவள் வயதுதான் என் மகளுக்கும். ட்யூஷனில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை தெருமுனையில் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிற ஆள் நான்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அம்மாடி, அது நிலமா? வானம் இறங்கும் இடம்வரை கறுப்பு. அந்தக் கறுப்பில் எங்கு பார்த்தாலும் டிராக்டர்கள், அவற்றின் பின்னால் குனிந்து உளுந்து போட்டுக்கொண்டு போகும் பெண்கள். ஒரு நிறுத்தத்தில் சாலையோரப் புஞ்சையிலிருந்து ஒரு அம்மாள் நிமிர்ந்து, "ஏட்டி, இன்னைக்கா ஊருக்குப் போற?" என்று கத்தினாள். மகா தலையைக் குனியவில்லை. "ஆமா பெரியம்மா, விளையாடப் போறேன்!" என்று பதிலுக்குக் கத்தினாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மைதானத்தில் தெரியாத பிள்ளைகளோடு அவளைச் சேர்த்து இறக்கினார்கள். முதலில் பந்தே அவள் பக்கம் வரவில்லை. பாதி ஆட்டத்தில்தான் மட்டையில் பந்து ஒட்டிக்கொண்டது. வளைந்து வளைந்து அவள் கொண்டுபோனதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. செல்லையா! முழங்கால்வரை காய்ந்த கரிசல்.

"பாதி விதைச்சாச்சு. மிச்சத்த அவ அம்மையும் வள்ளியும் பாத்துக்கிடுதாவ" என்றார், கேட்காமலே.

மகாவைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "வேண்டாம் அண்ணாச்சி. நான் வந்தது தெரிஞ்சா பந்த விட்டுட்டு என் மூஞ்சியப் பாப்பா." ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கடைசிவரை பார்த்தார். கலங்கிய கண்ணைத் துடைக்கவும் இல்லை.

ஆட்டம் முடிந்தது. தேர்வானவர்களைப் பிற்பகலில்தான் சொல்வார்களாம். அவரோ பஸ் நிலையத்துக்குக் கிளம்பினார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு? இருந்து கேட்டுட்டு, அவளையும் கூட்டிட்டுப் போகலாமே!" என்றேன்.

"அவ சமாச்சாரம்லா அண்ணாச்சி. அவளே வந்து சொல்லட்டும். நீங்களும் நான் வந்தேன்னு சொல்லிராதிய."

மைதானத்தைத் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்த நடைக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் அது இல்லை.