முள்ளில்லாத தடம்

1. பாதி வழியில் நின்ற சுற்றுலா

காட்டுக்குள் போன முதல் நாளே எங்கள் சைக்கிள்களில் பாதி பஞ்சர். மீதியை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தோம். பிள்ளைகள் கோயிலையும் பார்க்கவில்லை, மானையும் பார்க்கவில்லை.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எண்பதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். வாலிபால் நெட்டு கட்டுவது, கோ-கோ கம்பம் நடுவது, ஸ்போர்ட்ஸ் டேக்கு சுண்ணாம்புக் கோடு போடுவது, இப்படித்தான் என் வேலை ஓடியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தலைமையாசிரியைக்கு ஓர் ஆசை வந்தது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெரிய வகுப்புப் பிள்ளைகள் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்கு ஒரு ரூட் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு.

எங்கள் ஊர்ப் பக்கம் காடு என்று சொன்னால் பருத்தியும் கம்பும் போடுகிற புஞ்சை என்று அர்த்தம். மரம் அடர்ந்த காடு வேண்டுமானால் திருச்சுழி ரோட்டில் போய்க் கிளைப் பாதையில் திரும்பி, தூர்ந்துபோன ஒரு பெரிய கண்மாய்க்குள் இறங்க வேண்டும். கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். நடுவில் மேட்டில் ஓர் அய்யனார் கோயில். அதைச் சுற்றி, சாமிக்குப் பயந்து யாரும் கோடாலி வைக்காத பழைய மரங்கள்: இலுப்பை, உசிலை, ஆத்தி, வெப்பாலை. புள்ளிமான் அங்கே தண்ணீருக்கு வரும் என்று கேள்வி. அதுவரை போக ஒரு பழைய வண்டிப்பாதை உண்டு. அந்தப் பாதையில்தான் எங்கள் டியூபெல்லாம் போயிற்று.

சைக்கிள்கள் சேது கடையில் வாடகைக்கு எடுத்தவை. சேது என் வயதுக்காரர். கோபம் வந்தாலும் சத்தம் போட மாட்டார், முணுமுணுப்பார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இங்க வந்து பாருங்க. இது டியூபா, சல்லடையா?"

"இன்னொரு ட்ரையல் பாக்கணும் சேது. வேற வழி இருக்கும்."

"வேற வழி இருக்கும், வேற முள்ளும் இருக்கும். தனியாப் போகாதீக. நானும் வாரேன். என் வண்டிய எங்க கெடுக்குறீகன்னு நான் பாக்கணும்ல."

2. கோடு கோடாக இருந்த மண்

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். வண்டிப்பாதையில் இறங்காமல் கரை மேலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு, கீழே இறங்க ஏதாவது ஒற்றையடிப்பாதை இருக்கிறதா என்று பார்த்தோம். ஆட்டுத் தடம் நிறைய இருந்தது. எல்லாம் புதருக்குள் போய் முட்டி நின்றன.

சேதுதான் முதலில் கண்டார்.

"டீச்சர், இங்கிட்டு வாங்க. இந்த மண்ணப் பாருங்க."

இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு தடம் இறங்கியது. மூன்று முழ அகலம் இருக்கும். அதன் மேல் விசிறி விரித்தது போல மெல்லிய கோடுகள். உதிர்ந்த இலை இல்லை, குச்சி இல்லை. சேது குத்தவைத்து உள்ளங்கையால் மண்ணைத் தடவினார். ஒரு முள்கூட ஒட்டவில்லை.

ஏறி மிதித்தோம். தடம் வளைந்து வளைந்து போயிற்று. வழியில் கௌதாரிகள் குடுகுடுவென்று குறுக்கே ஓடின. மயில் ஒன்று எங்களைப் பார்த்தும் நகராமல் நின்றது. சைக்கிள் சத்தம் அதற்குப் பழகியிருக்க வேண்டும். ஓரிடத்தில் புகை வாசம் அடித்தது. ஆளைக் காணோம். கோயில் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சேது நான்கு டயரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட ஏறல டீச்சர். காட்ட யாரு இப்படிக் கூட்டிப் பெருக்குறது? நேர்த்திக்கடனா இருக்குமோ?"

எனக்கும் அதே கேள்விதான். அன்று முழுவதும் அது என்னை விடவில்லை. ரூட் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று இருந்திருக்கலாம். ஆனால் யார் கூட்டுகிறார்கள் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

3. பாண்டியம்மாள்

அடுத்த விடுமுறை நாள், விடிந்ததும் அந்தத் தடம் கரையேறும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். சேதுவும் வந்திருந்தார். கேட்டால் டயருக்காக என்பார். அவருக்கும் ஆவல்தான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. ஒரு பெண், பார் வைத்த ஆம்பளை சைக்கிளில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். கேரியரில் பச்சைப் பனையோலை ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். அது விரிந்தபடி தரையைப் பெருக்கிக்கொண்டே வந்தது. அவளுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, இரண்டு ஆண்கள் கரிமூட்டை ஏற்றிய சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எங்களைக் கண்டதும் அவள் காலை ஊன்றி நின்றாள். முகத்தில் பயம் தெரிந்தது.

"நான் பள்ளிக்கூடத்து டீச்சர்க்கா. வழி பாக்க வந்தோம்" என்றேன்.

"வழி எதுக்கு?"

சொன்னேன். பிள்ளைகள், சைக்கிள், அய்யனார் கோயில். அவள் முகம் கொஞ்சம் இளகியது. பெயர் பாண்டியம்மாள் என்றாள். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் சொந்த ஊர். கண்மாய்க்குள் கருவேலம் வெட்டி, விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டு, எரித்துக் கரி எடுக்கிற நான்கைந்து குடும்பத்தில் அவள் குடும்பமும் ஒன்று. கரியைப் பந்தல்குடி ரோட்டுக்குக் கொண்டுபோனால் லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

"முதல்ல போறவுக ஓலை கட்டி இழுக்கணும். அது எங்களுக்குள்ள மொறை. இன்னைக்கு எம் மொறை. மூட்டையோட வாரவுகளுக்கு நடுவழியில பஞ்சரானா தூக்கவா முடியும்?"

சேது குறுக்கே கேட்டார். "முதல்ல போற வண்டிக்கு மட்டும் முள்ளு ஏறாதா?"

"டயருக்குள்ள பழைய டயர அறுத்துப் போட்ருக்கோம். மிதிக்கக் கனமா இருக்கும். ஆனா ஏறாது."

சேது அவள் முன் சக்கரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"சைக்கிள் எப்பக்கா பழகுனீக?" என்றேன். பட்டிக்காட்டில் அவள் வயதில் பெண்கள் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை.

"எம் புருசன் மரம் விழுந்து கால் ஒடஞ்சு படுத்தாரு. வண்டி சும்மா நின்னுச்சு. கரியும் சும்மா கெடந்துச்சு. நான் என்ன செய்ய? விழுந்து விழுந்து பழகிட்டேன்."

பிறகு அவளே தயங்கிச் சொன்னாள்.

"டீச்சரம்மா, பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. வேணாங்கல. ஆனா பெரியாளுக, அதிகாரிக யாரையும் இந்தத் தடத்துல கூட்டிட்டு வந்துராதீக. மூட்டமெல்லாம் இந்த ஓரத்துலதான் கெடக்கு. எங்ககிட்ட சீட்டும் இல்ல, அனுமதியும் இல்ல. கண்டா சும்மா விடுவாகளா?"

சரி என்றேன்.

4. தலைமையாசிரியை சொன்னது

பள்ளிக்கூடத்தில் அதற்குள் ஏற்பாடுகள் முந்திக்கொண்டு ஓடியிருந்தன. வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் அதிகாரி ஒருவரைக் கொடியசைக்க அழைத்தாயிற்று.

நான் தலைமையாசிரியையிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. தடத்தையும் சொன்னேன், மூட்டத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அனுமதி இல்லாமச் செய்யிறது தப்புத்தான டீச்சர்?"

"தப்புத்தான் மேடம். ஆனா அவுக பெருக்கி வச்சதாலதான் நமக்கு வழி கெடச்சுச்சு. அதுக்குப் பதிலா அவுக பொழப்புல கைவைக்க எனக்கு மனசு வரல."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "வாரவரு வாசல்ல கொடியசைச்சிட்டுப் போயிருவாரு. இந்த வெயில்ல யாரு பின்னாலயே வரப்போறா?" என்றார்.

சுற்றுலா நாளன்று வந்த அதிகாரி கொடியை அசைத்தார். அசைத்துவிட்டு, "நானும் வரேன். எனக்கொரு சைக்கிள் கிடைக்குமா?" என்று கேட்டார். காலேஜ் நாட்களில் சைக்கிளிலேயே ஊர் சுற்றியவராம். காட்டைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "பாத்துக் கூட்டிட்டுப் போங்க டீச்சர்" என்றார்.

5. இரண்டு வழி

கண்மாய்க் கரை வரும்வரை என் மனசு ஒரு நிலையில் இல்லை. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அதிகாரி பக்கத்திலேயே மிதித்து வந்து, இது என்ன மரம், அது என்ன பறவை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்ததைச் சொன்னேன்.

நான் வண்டிப்பாதையில் இறங்கினேன். முள் இருக்கும் என்று தெரிந்தேதான் இறங்கினேன். சேது அந்த வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து, கிடைத்த பழைய டயரையெல்லாம் அறுத்துச் சைக்கிள் சக்கரங்களுக்குள் போட்டிருந்தார். போடாத வண்டிகள் ஒவ்வொன்றாகப் பஞ்சராயின. அதிகாரியின் வண்டியும் அதில் ஒன்று. சேது வேப்ப நிழலில் உட்கார்ந்து சொல்யூஷன் தடவிப் பேட்ச் ஒட்டினார். அதிகாரி பம்ப் அடித்தார். பாதித் தூரம் நடந்து, பாதித் தூரம் மிதித்து, வெயில் உச்சிக்கு வந்தபோது கோயில் மேட்டை அடைந்தோம்.

அங்கே கோயில் கிணற்றில் பாண்டியம்மாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் சைக்கிள், கேரியரில் குடம். அவள் கையெல்லாம் கரி. அதிகாரியின் பேண்ட் சட்டையையும் தோரணையையும் பார்த்ததும் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மரங்களுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அங்க என்ன புகை?" என்று அதிகாரி கேட்டார்.

"யாராச்சும் சோறாக்குவாக சார்" என்றார் சேது.

அதிகாரி புகையைப் பார்த்தார். பாண்டியம்மாளின் கையைப் பார்த்தார். அவள் சைக்கிளின் டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இவங்க எந்த வழியா வந்தாங்க டீச்சர்?"

"கேட்டா அவுகளே சொல்லுவாக சார். கேக்கணுமான்னு நீங்கதான் பாத்துக்கணும்."

அவர் கிணற்றடிக்குப் போய், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கம்மா" என்று இரண்டு கையையும் ஏந்தினார். அவள் ஊற்றினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதித் தண்ணீர் அவர் சட்டையில் விழுந்தது. அவர் சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

பிள்ளைகள் மானைத் தேடி அலைந்தார்கள். மான் வரவில்லை. ஒருத்தி பாண்டியம்மாளிடம் போய், பார் வைத்த சைக்கிளில் சேலையோடு எப்படி ஏறுவது என்று கேட்டாள். பாண்டியம்மாள் ஏறிக் காட்டினாள். அவ்வளவுதான், எல்லாரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மானை யாரும் பிறகு கேட்கவில்லை.

கிளம்பியபோது மேட்டின் அடியில் இரண்டு வழியும் பிரிந்தன. இடது பக்கம், பெருக்கிய தடம் வெயிலில் பளிச்சென்று கிடந்தது. மறைக்க வழியே இல்லை. அதிகாரி சைக்கிளை நிறுத்தி இறங்கினார். மண்ணில் இருந்த கோடுகளைப் பார்த்தார். அது உள்ளே வளைந்து போவதையும், அதற்கு மேலே புகையையும் பார்த்தார்.

"நாம வந்த வழியிலேயே போயிடலாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பி முள்ளுப் பாதையில் இறங்கினார். திரும்பும்போது அவருக்கு இன்னொரு பஞ்சர் ஆனது. அதற்கும் அவரே பம்ப் அடித்தார்.

அடுத்த வருஷம் தலைமையாசிரியை யாரையும் கொடியசைக்கக் கூப்பிடவில்லை. நான் பாண்டியம்மாளைத் தேடிப்போய், அவர்கள் தடத்தில் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று கேட்டேன்.

"பெரியாளுக வாராகளா?" என்றாள்.

"இல்லக்கா, பிள்ளைக மட்டுந்தான்."

"அப்ப வாங்க. ரெண்டு நாளைக்கு முந்திச் சொல்லிருங்க, மூட்டத்துக்குத் தீ வைக்காம இருக்கோம். பிள்ளைகளுக்குப் புகை ஆகாது."

இப்போது இந்த வேலைக்கு வருகிற இளம் ஆசிரியைகள் என்னிடம் ரூட் போடுவது எப்படி என்று கேட்பதுண்டு. தூரம், தண்ணீர், நிழல், பஞ்சர் கடை எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். சுத்தமான வழி ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் உடனே பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். ஒரு காலை அதன் ஓரத்தில் உட்கார்ந்து, அதில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.