ஒவ்வொரு வரியிலும் மலர் பெயர்

ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற கட்டடத்தில் மாடிப்படி கூட்டுவதற்கு முறை வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் யார் முறையோ அவர்கள் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கும். அதற்குக் கேர்வோகே என்று பேர். அந்த வீட்டார் படியைக் கூட்டித் துடைத்து, வாரம் முடிந்ததும் பலகையை அடுத்த கதவில் மாட்டிவிட வேண்டும். இது தெரிந்த பிறகும் என் கை சும்மா இருக்கவில்லை. எனக்கு விடியுமுன்னே விழிப்புத் தட்டிவிடும். அங்கே தெளித்துக் கோலம் போட வாசல் கிடையாது. மேல்வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி, கைப்பிடியைப் பற்றிப் பற்றித்தான் இறங்குவார். அவர் கதவில் பலகை தொங்கிய வாரத்தில் ஒருநாள் விடியக்காலையில் நானே படி முழுவதையும் துடைத்து வைத்துவிட்டேன். மறுநாள் படியில் என்னைப் பார்த்ததும் நின்று நிறையப் பேசினார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த இரண்டு சொல்லில் ஒன்றான ‘பிட்டே’யைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. சாயங்காலம் என் மருமகள் மலர் மேலே போய்ப் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

“எம் மொறய ஏன் எடுத்துக்கிட்டீங்க, நான் என்ன குப்பையிலயா கெடக்கேன்னு கேட்டிருக்காங்க அத்த. நீங்க பரவாயில்ல பரவாயில்லன்னு சொல்லியிருக்கீங்க.”

அன்றைக்குச் சிரித்த மலர், கொஞ்ச நாளில் தன் வேலையில் இதே மாதிரி ஒன்றைச் செய்தாள். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். என் மகன் செந்தில் ஜெர்மனியில் ரொட்டித் தொழிற்சாலையில் இருக்கிறான். ஆனால் மலருடைய வேலையை வைத்துத்தான் அவனுக்கும் அங்கே தங்குவதற்கு அட்டை கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்திருக்கும் விசாவில் மூன்று மாதம் அங்கே இருந்தால் அடுத்த மூன்று மாதம் வெளியே இருக்க வேண்டும். அதனால் பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே என்று போய் வருகிறேன். மலர் இப்போதுதான் கம்பெனி மாறியிருந்தாள். புது இடத்தில் முதல் ஆறு மாதம் ப்ரோபேத்சைட் என்கிறார்கள். அதற்குள் காரணம் சொல்லாமலேகூட வேலையிலிருந்து நிறுத்திவிடலாம். அந்தக் காலம் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் புது நாற்காலிகூட வாங்கவில்லை.

அந்தக் கம்பெனி, சரக்குக் கிடங்குகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறது. ஒரே புரோகிராமை ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் வரி தொடங்குமுன் இரண்டு எழுத்துக்கு இடம் விடுவாராம், இன்னொருவர் நாலு எழுத்துக்கு. ஒருவர் வரியைத் தெருக்கோடி வரைக்கும் நீட்டுவார், இன்னொருவர் துண்டு துண்டாக மடிப்பார். ஒருவர் எழுதினதை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் பொதுவில் சேரும். அப்படிப் பார்க்கிறபோது கணக்குச் சரியா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இடம் விட்டதற்கே சண்டை போட்டிருக்கிறார்கள். அதைத் தீர்க்க ஃபார்மேட்டர் என்று ஒரு கருவி உண்டு. எழுதிச் சேமித்ததும் அதுவே எல்லா வரியையும் ஒரே மாதிரி அடுக்கிவிடும். கணக்கு மாறாது, இருக்கிற இடம் மட்டும் மாறும். அந்தக் கருவிக்கு விதி எழுதி, அதைப் பராமரிக்கிற வேலையை மலரிடம் கொடுத்தார்கள். புதிதாக வந்தவளிடம் கொடுக்கிற வேலைதான்.

மலர் அதைப் பொறுப்பாகச் செய்தாள். வரி எவ்வளவு நீளம், எந்தப் பகுதியைக் கருவி தொடக்கூடாது என்பதெல்லாம் விதியில் உண்டு. எல்லார் கணினியிலும் கருவி ஒரே பதிப்பாக இருக்க வேண்டுமாம். ஒருவரிடம் பழையது, இன்னொருவரிடம் புதியது என்றால், இவர் அடுக்கினதை அவருடையது கலைக்கும், பிறகு அவர் அடுக்கினதை இவருடையது கலைக்கும். அந்தக் கூட்டத்தில் டீட்டர் என்று ஒரு பெரியவர், அந்தப் புரோகிராமைத் தொடங்கினவர்களில் மிச்சமிருப்பவர். எண்களைப் பத்தி பத்தியாக, நூல் பிடித்த மாதிரி எழுதி வைத்திருப்பார். கருவி பட்டால் அது கலைந்துபோகும் என்று, அவர் அடுக்கின இடங்களுக்கெல்லாம் மலர் ‘தொடாதே’ என்று குறி போட்டு வைத்தாள். பெரியவர் மனசு நோகக்கூடாதில்லையா என்றாள். விதிகளை மேலதிகாரி பார்த்துச் சரி என்றார். தோதுப்படும்போது ஓட்டிவிடு என்றும் சொல்லிவிட்டார்.

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மூன்று மருமகள்கள், ஒரே அடுப்படி. மூத்தவர் புளிச்சட்டியை வைத்த இடத்தில் இளையவள் உப்பு ஜாடியை வைப்பாள். அதற்கே சாயங்காலம் வரை முகம் தூக்கிக்கொண்டிருப்போம். யாரும் எழுந்திருக்குமுன் போய் எல்லாவற்றையும் துலக்கி அடுக்கி வைத்துவிட்டால் அன்றைக்குச் சண்டை இருக்காது. நன்றி என்று ஒருத்தரும் சொன்னதில்லை. குறை சொல்லாமல் விட்டால் அதுதான் மெச்சினது. மலரும் திருமயம் பக்கத்தில் பெரிய குடும்பத்தில் பிறந்தவள். கண்ணில் படாமல் வேலையை முடிப்பதுதான் வேலை என்று அவளுக்கும் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள்.

கோடையில் என் அண்ணன் பேத்திக்குக் காது குத்து. எனக்கும் மூன்று மாதம் முடிகிற சமயம். மூன்று பேரும் சேர்ந்தே வந்தோம். மலர் கொஞ்ச நாள் இங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். பின்கட்டு அறையில் மேசையைப் போட்டு, கரண்டு போனால் தாங்குவதற்கு இன்வெர்ட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு சனிக்கிழமை காலையில் நான் காப்பி கொண்டுபோனபோது முகமெல்லாம் சந்தோஷமாக இருந்தாள்.

“முடிஞ்சிருச்சு அத்த. மொத்தப் புரோகிராமையும் ஓட்டி அடுக்கி விட்டுட்டேன். இன்னிக்கி அங்க ஒருத்தரும் வேல பாக்க மாட்டாங்க. திங்கக்கெழம வந்து பாத்தா வீடு கூட்டிப் பெருக்கின மாதிரி இருக்கும்.”

திங்கட்கிழமை அங்கே அலுவலகம் திறக்கிற நேரம் இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். மலர் சோற்றில் குழம்பு ஊற்றியிருந்தாள், கை வைக்கவில்லை. கணினியில் கூப்பிடுகிற சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. என்ன நடந்தது என்று சாயங்காலம்தான் விவரமாகச் சொன்னாள். ஒவ்வொருவரும் வெள்ளிக்கிழமை பாதி வேலையை அவரவர் கணினியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை அதைப் பொதுவில் சேர்க்கப் போனால் ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. ஆளுக்கு ஆள் தன் வேலையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். டீட்டர் ஒன்றுமே சொல்லவில்லையாம். அது இவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

இதோடு போயிருந்தால் திட்டு வாங்கி முடிந்திருக்கும். அன்றைக்கே ஒரு கிடங்கிலிருந்து புகார் வந்தது. திரும்பி வந்த பெட்டிகளைப் புரோகிராம் இரண்டு தடவை எண்ணுகிறது என்று. எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார்கள் என்று காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு வழி உண்டு. வரிக்கு நேரே ஓரத்தில் பெயர் வரும். மேலிடத்தில் யாரோ அதைத் திறந்து பார்த்திருக்கிறார். பெட்டி எண்ணுகிற வரியில் மலர் பெயர் இருந்தது. அதற்கு மேலே மலர், கீழே மலர். குறி போட்ட எண்களைத் தவிர மற்ற எல்லா வரியையும் கருவி தொட்டதால் அத்தனையிலும் அவள் பெயர் ஏறிவிட்டது. கணக்கை ஏன் மாற்றினாய் என்று கேட்டு, புதன்கிழமை கூட்டம் வைத்தார்கள். ஆறு மாதம் முடிய இன்னும் நாளிருந்தது.

கல்யாண வீட்டில் மூக்குத்தி காணாமல் போனால் கடைசியாகக் கூட்டினவளைத்தான் முதலில் கேட்பார்கள். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. காது குத்து வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தோம், ஆனால் செந்திலின் முகமே சொல்லிவிட்டது. என் அண்ணி பாக்கியத்துக்கு மனசில் ஒன்றும் நிற்காது.

“எதுக்கு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்கீக? போனாப் போகுது, இங்கிட்டே வந்துருங்க. இங்க யாரு பேர யாரு எழுதப் போறா? அங்க போயி வெள்ளக்காரன் வீட்டக் கூட்டி, அவன் குப்பைக்கும் ஒம் மருமகதான் பதில் சொல்லணுமாக்கும்” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் அண்ணி சொன்னதைக் கேட்டு எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. செந்தில் ஒரு ரொட்டியைப் பிய்த்து, உள்ளே எப்படி உப்பியிருக்கிறது என்று எனக்குக் காட்டி விளக்கினது நினைவில் வந்தது. ஊரில் இருந்த வரைக்கும் அவன் எந்த வேலையைப் பற்றியும் என்னிடம் அப்படிப் பேசினதில்லை.

செவ்வாய்க்கிழமை மலர் ஒரு வழி கண்டுபிடித்தாள். ‘இந்த ஒரு மாற்றத்தை மட்டும் கணக்கில் எடுக்காதே’ என்று அந்தப் பெயர் காட்டுகிற வழிக்குச் சொல்லி வைக்கலாமாம். அப்படிச் சொன்னால் கருவி அடுக்கினது மறைந்து, அதற்கு முன்னால் உண்மையாக எழுதினவர் பெயர் தெரியும். செய்து பார்த்தாள். பெட்டி எண்ணுகிற வரியில் டீட்டர் பெயர் வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் எழுதினது. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். செந்தில் அதைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பச் சொன்னான்.

“அவரு எங்க அப்பா வயசுங்க. கூட்டத்துல வச்சு அவரு பேரக் காட்டச் சொல்றீங்களா? நாளைக்கி அவரு மூஞ்சில எப்புடி முழிப்பேன்?”

“அப்ப ஒம் பேரு நாறட்டும். மூட்டையக் கட்டு.”

“எம் பேரு போனாலும் போகட்டும்.”

அவன் வெளியே போய்விட்டான். வாய்க்கால் முறை விஷயமாக ஊர்க்கூட்டம் போடுகிற நாட்களில், யார் மேல் பேச்சு வரப்போகிறதோ அவர் வீட்டுக்கு முதல் நாளே ஒருத்தர் வந்து காதில் போட்டுவிட்டுப் போவார். என் வீட்டுக்காரரிடம் அப்படி வந்து சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குக் கேட்பார்கள், மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்று. அந்த வழக்கம் மலருக்கும் தெரிந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே டீட்டரைத் தனியாகக் கூப்பிட்டாள். தனியாகப் பேசப் பயமாக இருக்கிறது என்று என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள்.

எனக்கு மொழி தெரியாது, குரல் மட்டும் கேட்டது. மலர் அவருடைய தோட்டத்தை விசாரித்தாள், உடம்பை விசாரித்தாள், மழையை விசாரித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டே விட்டாராம். அப்புறம்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அந்தப் பக்கம் விசையைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் கொஞ்சம் கோபமாகவே பேசினார். பேசி முடித்த மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“ஆமா, என்னோடதுதாங்குறாரு அத்த. நேத்தே இதத் தேடிப் பாத்திருக்கக் கூடாதாங்குறாரு. ரெண்டு நாளா எல்லாரும் ஒன்னோட மாத்தத்துல போயித் தேடிக்கிட்டு இருக்கோம், இப்ப பத்து நிமிஷத்துல சரி பண்ணிருவேங்குறாரு. பேரு வந்ததுக்குக் கோவமே இல்ல. சுத்தி வளச்சதுக்குத்தான் கோவம்.”

“மனசு வருத்தமா இருக்குன்னு ஒரு வார்த்தயும் சொல்லலயா?”

“சொன்னா எனக்குப் புரிஞ்சிருக்குமே அத்த. எண்கள அப்புடியே விட்டதுக்கு மட்டும் தேங்ஸுன்னாரு.”

புதன்கிழமை கூட்டத்தில் என்னையும் அதே கட்டிலில் உட்கார வைத்தாள். மேலதிகாரி படத்தில் என்னைக் கண்டு கையசைத்தார். பதிலுக்கு நான் எழுந்து நின்று கும்பிட்டேன். என் தலை படத்துக்கு மேலே போய், அவருக்கு என் வயிறும் கும்பிட்ட கையும்தான் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. டீட்டர் முதலில் பேசினார். மேலதிகாரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். பெட்டிக் கணக்குத் தப்பு மலருடையது இல்லை, அது முடிந்தது. ஆனால் அடுத்தவர் மேசையில் கேட்காமல் கை வைத்தது அவளுடையதுதான், அது குறிப்பில் இருக்கும். செய்த அடுக்கை முழுக்கத் திருப்பிப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் நாள் சொல்லி மறுபடி செய்ய வேண்டும். கருவியை இனியும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டம் முடிந்ததும் இதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் மலர், “வேல போகல அத்த” என்றாள்.

அண்ணியிடம் சொன்னபோது, “சரி, போயி நல்லாக் கூட்டுங்க” என்றார். பிறகு செந்திலுக்குப் பிடிக்கும் என்று பலாச்சுளையை டப்பாவில் போட்டுக் கொடுத்தார். காது குத்து முடிந்து அவர்கள் இரண்டு பேரும் திருச்சிக்குப் போய் விமானம் ஏறினார்கள். என்னுடைய மூன்று மாதம் இங்கே கழிய வேண்டும் என்பதால் நான் தங்கிவிட்டேன்.

போன வாரம் மதியம் மலர் வீடியோவில் கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் மறுபடி ஓட்டுகிற நாள். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் திரும்பத் திரும்ப நாள் சொன்னதில், போதும் நிறுத்து என்று ஒருவர் சொல்லிவிட்டாராம். ஒவ்வொருவரும் கையில் இருந்த வேலையைச் சேர்த்துவிட்டுச் சும்மா காத்திருந்தார்கள். மலர் தட்டினாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இந்த மாற்றத்தையும் கணக்கில் எடுக்காதே என்று சொல்லி வைத்துவிட்டு, போனைத் திருப்பிக் கணினியை எனக்குக் காட்டினாள். வரிகள் ஒரே சீராக நின்றன. ஓரத்தில் யார் யாரோ பெயர்கள்.

“ஒம் பேரு எங்கத்தா?”

“இந்தா, அடியில நாலு வரி. இதுதான் நான் எழுதுனது. மத்ததெல்லாம் அவங்கவங்களோடது.”

ஆறு மாதமும் முடிந்துவிட்டதாம். இனிமேல் வேலையை விட்டு அனுப்புவது சுலபமில்லையாம். நாற்காலி வாங்கட்டுமா, நீங்கள் வந்து பார்த்து வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது மணி அடித்தது. எங்கள் வீட்டு அழைப்பு மணிதான், எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மலர் கையில் வேலையாக இருக்கிறாளே என்று போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சேலையைச் சரிபண்ணிக்கொண்டு நானே எழுந்து கதவுப் பக்கம் போனேன்.

கீரமங்கலத்து வீட்டில் கதவு காலையிலிருந்து திறந்தேதான் கிடந்தது. வாசலில் வெயில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால், போனுக்குள், மலர் யாருக்கோ கதவைத் திறந்து ஜெர்மனில் வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.